தாம்பரத்தில் ஒரு பனிக்கடி

தாம்பரத்தில் பனிக்கடியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பாம்புக்கடி, தேள்கடி, நாய்க்கடி என்றால் அங்கே வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்கே எந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்று தெரியும். பனிக்கடி என்றதும் அவர் என் மனைவி லில்லியைப் பார்த்து, "சார் ஜுரத்துல பேத்தறாராம்மா?" என்று கேட்டார். வெளியே மார்ச் மாத வெயிலில் தார் இளக ஆரம்பித்திருந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே இருந்த சின்ன டாக்டரும் அதையேதான் நினைத்தார். லில்லியின் அண்ணன் ஆல்பர்ட் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மேஜைமேல் கிடத்தினான். கால்துணியைப் பிரித்ததும் வந்த நாற்றத்தில் டாக்டர் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது காலில் இரண்டு விரல்கள் மட்டும் கறுத்திருந்தன. இடது காலில் ஐந்தும் கரிக்கட்டை. அதற்கு மேலே புறங்கால் முழுக்கக் கொப்புளம் உடைந்து மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு வருஷமா சுகர்?"

"சுகர் இல்ல சார்."

"அப்ப பீடியா, சிகரெட்டா?"

"நான் பி.டி. மாஸ்டர். ரெண்டும் கிடையாது."

"பின்ன எப்படி கேங்ரீன் வந்தது?"

"பனியில ஓடினேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எங்க, ஊட்டியிலயா?"

கேங்ரீன் என்றால் வேறொன்றுமில்லை, சதைக்குப் போகிற ரத்தம் நின்றுபோய், உயிரோடிருக்கிற மனுஷனின் ஒரு பகுதி மட்டும் முன்னால் செத்துப்போவது. எங்கள் ஊரில் அது சர்க்கரையால் வரும், புகையால் வரும். பனியால் வரும் என்று அந்தக் கட்டிடத்தில் இருந்தவர்கள் புத்தகத்தில் படித்ததோடு சரி.

சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விசில் ஊதுவது என் பிழைப்பு. எண்பதுகளின் கடைசியில் நான் முப்பது வயதைத் தாண்டிக்கொண்டிருந்தேன். காலையில் கேளம்பாக்கம் வரை ஓடி, அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பி, பிரேயர் மணி அடிக்கும்போது மைதானத்தில் விறைப்பாக நிற்பேன். என்னோடு ஓட ஆள் கிடையாது. என் கோபத்தோடு நிற்கவும் அவ்வளவாக ஆள் கிடையாது, லில்லியைத் தவிர.

ஒரு கோடை விடுமுறையில் வடக்கே மலையேற்றப் பள்ளி ஒன்றில் ஆசிரியர்களுக்கான பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே பழக்கமான ஒருவர், குளிர்காலத்தில் அவர்கள் நடத்தும் பந்தயத்துக்கு வரச் சொல்லி எழுதினார். உறைந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மூன்று நாள். ஆள் நடமாட்டமே இல்லாத இடம். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். சாப்பாடும் கூடாரமும் முதுகில். இருவரும் சேர்ந்து வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"குளிர்ல கஷ்டப்படறதுக்கு யாராவது ரயில் ஏறிப் போவாங்களா?" என்றாள் லில்லி. சொல்லிவிட்டு, சர்ச்சில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய ஸ்வெட்டரை வாங்கிப் பிரித்து, அந்தக் கம்பளி நூலில் எனக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் பின்னினாள். தாம்பரம் கடைத்தெருவில் கம்பளி சாக்ஸ் கேட்டால் சிரிப்பார்கள்.

பனியைப் பார்த்தே இராத ஊரில் பனிக்குப் பழகுவது எப்படி? அதற்கு வழி சொன்னவன் ஆல்பர்ட். அவன் பல்லாவரத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போவேன். வெறுங்காலோடு ஐஸ் பாளத்தின்மேல் நிற்பேன். முதலில் எரியும். பிறகு எலும்புக்குள் யாரோ திருகுவதுபோல வலிக்கும். நான் பல்லைக் கடிப்பதை ஆல்பர்ட் உமி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

"மொதல்ல அப்டித்தான் வலிக்கும் மச்சான். அப்பால மரத்துப்பூடும். மரத்துப்போச்சுன்னா ஒடம்பு பழகிட்ச்சுன்னு அர்த்தம். எங்க ஆளுங்க எல்லாம் அப்டித்தான் நிக்கறானுங்க, பாரேன்."

அவர்கள் நின்றது உண்மை. ஆனால் அரைமணிக்கொரு தரம் வெளியே வெயிலுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். அதை நானும் கவனிக்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வலி நின்றால் ஜெயித்தாயிற்று என்ற ஒரே பாடத்தோடு நான் ரயிலேறினேன்.

என் ஜோடி நோர்பு, அந்தப் பள்ளத்தாக்குக்காரன். அவனும் பள்ளிக்கூட வாத்தியார்தான். எனக்கு இந்தி அரைகுறை, அவனுக்கு இங்கிலீஷ் அரைகுறை. முதல் நாள் முழங்கால் வரை புதையும் பனியில் அவன் முன்னாலும் நான் பின்னாலுமாக, அவன் கால் பதித்த குழியிலேயே என் காலைப் பதித்துப் போனேன். மூச்சு மீசையில் ஒட்டிக் கெட்டியாகியது. கக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் மதியத்துக்குள் உறைந்துவிட்டது. சப்பாத்தியைக் கல்லில் தட்டி உடைத்துத் தின்றோம். வாழ்க்கையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. தாம்பரத்தில் வளர்ந்தவனுக்கு அமைதி என்றால் இரண்டு எலெக்ட்ரிக் ரயில்களுக்கு நடுவில் கிடைப்பது. இது வேறு. எனக்குப் பயமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

இரண்டாம் நாள் காலை உறைந்த ஆற்றின்மேல் நடந்தோம். ஓர் இடத்தில் என் காலடியில் மட்டும் பாளம் உடைந்தது. கெண்டைக்கால் வரை உள்ளே போனேன். நோர்பு என் பையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான். பூட்ஸுக்குள் தண்ணீர். அது லேஸ்மேல் உறைவதைக் கண்ணால் பார்த்தேன். இடது காலில்தான் அதிகம் புகுந்திருந்தது.

"ஷூ எடு. சாக்ஸ் மாத்து" என்று இந்தியில் சொல்லி, கையாலும் காட்டினான் நோர்பு.

லில்லியின் இரண்டாவது ஜோடி பையில் நனையாமல் இருந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள், எங்களுக்கு அடுத்த ஜோடி. உறைந்த லேஸை அவிழ்த்து, மாற்றி, மறுபடி கட்டுவதற்குள் அவர்கள் எங்களைத் தாண்டிவிடுவார்கள். "டீக் ஹை" என்றேன், பரவாயில்லை என்பதாக. நடந்தேன்.

அன்று பகல் முழுக்க வலி. ஐஸ் ஃபேக்டரியில் பட்டதெல்லாம் அதன்முன் விளையாட்டு. நான் வாய்விட்டுக் கத்தினேன். திட்டினேன். நல்ல சென்னைத் தமிழில் அந்த மலைகளைத் திட்டியவன் அதற்கு முன்னால் யாரும் இருந்திருக்க மாட்டான். பிறகு, சாயங்காலம் நெருங்கும்போது, வலி நின்றது. பழகிவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கூடாரத்தில் நோர்பு என் காலைக் காட்டிக் கேட்டான். "பெயின்?"

"நோ பெயின்" என்றேன், பெருமையாக.

அவன் முகம் மாறியது. "நோ பெயின், பேட்" என்றான். அவனுக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்துக்கொண்டேன். ஈரப் பூட்ஸோடேயே படுத்தேன். கழற்றினால் காலையில் மாட்ட முடியாதே.

மூன்றாம் நாள் மரக்கட்டைமேல் நடப்பதுபோல நடந்தேன். தரை எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்த்துத்தான் காலை வைத்தேன். முன்னால் போன ஒரு ஜோடியையும் தாண்டினோம். பந்தயம் முடியும் கோட்டைத் தொட்டதும் அங்கே இருந்த முகாம் டாக்டர் என் சாக்ஸைக் கத்தரியால் வெட்டினார். விரல்கள் தோல் உரித்த நுங்குபோல வெளுத்திருந்தன. அவர் ஸ்பூனால் ஒன்றைத் தட்டினார். டக் என்று சத்தம் வந்தது. என் சொந்த விரலிலிருந்து அந்தச் சத்தம் வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டு கால்களையும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் உயிர் திரும்பியது. அந்த வலியில் நான் நோர்புவின் கையைக் கடித்துவிட்டேன். அவன் கையை எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் கட்டுப் போட்டார். அங்கேயே தங்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் போட்ட லீவு முடிகிறது என்று சொல்லி, மாத்திரைகளை வாங்கிக்கொண்டு, இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் லில்லி பையைத் துவைக்க எடுத்தாள். இரண்டாவது ஜோடி சாக்ஸ் மடிப்புக் கலையாமல் அதில் இருந்தது. கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வெந்நீரில் வைத்ததும் உயிர் வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதை அப்படியே அவளிடம் சொன்னேன். சூடுதான் மருந்து என்றால் அதற்குமேல் எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? சுளுக்கா, வீக்கமா, நீர்க்கோவையா, எல்லாவற்றுக்கும் ஒத்தடம்தானே. லில்லி இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கால்மேல் ஒற்றி ஒற்றி எடுப்பாள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அது நடந்தது. முதலில் அந்தச் சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

"சூடு போதுமாங்க?"

"தெரியல. இன்னும் கொஞ்சம் வை."

அவள் இன்னும் கொஞ்சம் வறுத்து எடுத்து வருவாள். நான் போன நாளிலிருந்து அவள் என்மேல் வைத்திருந்த கோபம் அந்த மூட்டையோடு கரைந்ததாக எனக்குத் தோன்றியது. அந்தச் சாயங்காலங்கள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தன. என் காலில் சதை வெந்துகொண்டிருந்தது, அது எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஜுரம் வந்தது. நாற்றம் வந்தது. ஆல்பர்ட் ஐஸ் வண்டியை எடுத்து வந்து, ஈரச் சாக்கின்மேல் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான்.

சின்ன டாக்டர் கூப்பிட்டனுப்பி, பெரிய டாக்டர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். குண்டூசியால் அங்கங்கே குத்தி, தெரிகிறதா என்று கேட்டார். குதிகாலில் மட்டும் மந்தமாகத் தெரிந்தது.

"விரலெல்லாம் பனியால போனது. அது காய்ஞ்சு கறுத்து தானா ஒரு எல்லையில நின்னிருக்கும். மாசக்கணக்குல காத்திருந்து அந்த எல்லையில எடுத்தா போதும். ஆனா மேல இருக்கிற இந்தப் புண் பனியால வந்ததில்ல. இது சூட்டுப்புண். உணர்ச்சி இல்லாத கால்ல சூடு வச்சிருக்கீங்க. அதுலதான் செப்டிக் ஆகி மேல ஏறுது. யார் வச்சது?"

லில்லி என் கால்மாட்டில்தான் நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் டாக்டர்" என்றாள்.

அவர் அவளைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னார். என்னிடம், சீழ் எலும்புக்கும் கணுக்காலுக்கும் போய்விட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து என்றார். அதற்கு முன்னால் ஊசி மருந்துக்குக் கேட்கிறதா என்று பார்ப்போம் என்றார். தன் பேனாவை எடுத்து, கணுக்காலுக்கு மேலே சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே சுற்றிலும் ஒரு கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் காத்திருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

அன்றிலிருந்து லில்லி ஸ்டூலைத் தலைமாட்டுக்கு மாற்றிக்கொண்டாள். நெற்றியைத் துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள், விசிறினாள். என் இடுப்புக்குக் கீழே அவள் கை போகவே இல்லை. போர்வை விலகினால்கூட சிஸ்டரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னாள். நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன், சூடு கேட்டது நான்தானே என்று. அவள் காதில் அது ஏறவில்லை.

காலையில் கண் விழித்ததும் கோட்டைப் பார்ப்பதுதான் என் ஜெபம். சர்ச்சிலிருந்து ஃபாதர் வந்து வேறு ஜெபம் செய்தார். நான் ஆமென் சொல்லிவிட்டு மறுபடி கோட்டைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்க. தள்ளுவண்டியில் என்னை வராந்தாவில் வரிசையில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். டிரஸ்ஸிங் என்பது செத்த சதையைக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு மருந்துத் துணி வைப்பது. அது செத்ததால் வலிக்காது. கத்தரி உயிருள்ள இடத்தைத் தொட்டதும் கூரை இடிந்து விழுவதுபோல இருக்கும். உயிருள்ள இடம் இன்னும் இருக்கிறது என்று அப்போது கொஞ்சம் ஆறுதலும் வரும், கேவலம்.

ஹெட்மாஸ்டர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். "கவலைப்படாதீங்க. விசில் ஊத வாய் போதும்" என்றார், ஆறுதலாகத்தான். அவர் போனபின் நான் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். காலில்லாத பி.டி. மாஸ்டரைப் பார்த்து ஆறாம் வகுப்புப் பையன்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஓடாத நான் எதற்கு என்பதும் தெரியவில்லை. செத்தால் தேவலை என்று நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். அந்த நினைப்பைச் சொல்வதற்குக்கூட லில்லியின் முகத்தில் இடம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரி பில்லையெல்லாம் ஆல்பர்ட்தான் பார்த்துக்கொண்டான். எப்படி என்று இன்றுவரை சொன்னதில்லை. தினமும் வேலை முடிந்ததும் ஒரு தூக்குச் சட்டியில் ஐஸ் உடைத்துக்கொண்டு வருவான். கத்திரி வெயில் நெருங்கிக்கொண்டிருந்தது. வார்டில் எல்லாருக்கும் தண்ணீரில் போட்டுக் கொடுப்பான். எல்லாரும் அவனை வாழ்த்துவார்கள். என் படுக்கைப் பக்கம் வரும்போது மட்டும் சட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வான்.

"இன்னா மச்சான், காலு எப்டி கீது?"

"கோட்டுக்குக் கீழதான்."

"அப்டியே நிக்கும், பாரு" என்பான். பிறகு கீழே பார்த்துக்கொண்டு, "நான்தான் மச்சான் உன்ன ஐஸ் மேல ஏத்தி வுட்டது" என்று ஆரம்பிப்பான். எங்கள் வீட்டில் என் காலுக்குப் பொறுப்பேற்க ஆள் நிறைய இருந்தார்கள்.

பக்கத்துப் படுக்கை ஏழுமலை. திரிசூலம் கல்குவாரியில் வேலை செய்தவன். பீடியால் வந்த நோய், நான் சேருவதற்கு முன்பே வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் அரிக்கிறது என்று படுக்கையைச் சொறிவான்.

"அதெப்படி ஏழுமலை, இல்லாதது அரிக்கும்?"

"அரிக்குது வாத்யாரே. வலிக்கவும் செய்து. காலு பூட்ச்சுன்னு ஒடம்புக்கு இன்னும் சேதி போவல."

டாக்டரிடம் கேட்டேன். உண்மைதான் என்றார். வெட்டுப்பட்ட நரம்பு மூளைக்குப் பழைய சேதியையே அனுப்பிக்கொண்டிருக்குமாம். சிலருக்கு வருஷக்கணக்கில் வலிக்குமாம்.

"ஆப்ரேசன் முட்ச்சு முழிச்சேன்" என்றான் ஏழுமலை. "விரலு ஆடிச்சு. சத்தியமா ஆடிச்சு வாத்யாரே. எம் பொண்டாட்டியாண்ட கேட்டேன், காலு கீதான்னு. கீதுய்யா, விரலு மட்டும்தான் எடுத்தாங்கோன்னு சொல்லிச்சு. நானும் நம்பிக்கினு ரெண்டு நாளு ஆட்டிக்கினே கெடந்தேன். அப்பால டிரெஸ்ஸிங்குக்குப் போர்வைய எடுத்தாங்கோ."

"ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"அது இன்னா பண்ணும், பாவம். இங்க எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்கோ."

சிஸ்டரும் ஒத்துக்கொண்டார். மயக்கம் தெளிந்தவுடன் உண்மையைச் சொன்னால் ஆட்கள் எழுந்து குதிக்கப் பார்க்கிறார்கள், அதனால் வீட்டுக்காரர்கள் இருக்கிறது என்றே சொல்லிவிடுகிறார்கள், நாங்களும் கண்டுகொள்வதில்லை என்றார். போர்வைக்குள் இரும்புக் கூண்டு ஒன்று வைத்து மூடியிருப்பார்கள். பார்த்தால் உள்ளே கால் இருப்பதுபோலவே புடைத்திருக்கும்.

ஒரு காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. கோட்டுக்கு மேலே விரல்கடை அளவு. நான் கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். பெரிய டாக்டர் வந்து பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை.

"இன்னைக்கே பண்ணிடலாம். திறந்து பார்த்துதான் முடிவு பண்ணணும். குதிகால் நல்லா இருந்தா பாதிப் பாதத்தோட நிறுத்திடுவேன். அதை வச்சு நடக்கலாம். சீழ் உள்ள போயிருந்தா மேல எடுத்துடுவேன். இந்தக் கால்ல விரல் எப்படியும் அஞ்சும் போயிடும், வலது கால் ரெண்டும் பிறகு பார்க்கலாம். ரெண்டுக்கும் சேர்த்துதான் சம்மதம் வாங்கறேன்."

கையெழுத்துப் போட்டேன். வண்டியில் மாற்றும் முன் லில்லியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் முழிச்சதும் என்கிட்ட பொய் சொல்லாத. போயிருந்தா போச்சுன்னு சொல்லு. சொல்லுவியா?"

"சொல்றேங்க."

"சத்தியமா?"

"சத்தியமா" என்றாள். ஏழுமலையின் மனைவியும் அப்படித்தான் சத்தியம் செய்திருப்பாள் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

விழித்தபோது மதியம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வெந்த காற்று. வாயெல்லாம் மருந்துக் கசப்பு. எழுந்து பார்க்கத் தலையைத் தூக்க முடியவில்லை. போர்வை புடைத்திருந்தது, உள்ளே கூண்டு. இடது பக்கம் வலித்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாக வலித்தன. விரல்கள் எப்படியும் போய்விட்டன என்று எனக்குத் தெரியும். இல்லாத விரல் இவ்வளவு ஒழுங்காக வலித்தால், அதற்குப் பின்னால் வலிக்கிற குதிகாலை மட்டும் எப்படி நம்புவது?

லில்லி தலைமாட்டில் இருந்தாள். அழுது வீங்கிய கண்.

"இருக்கா?"

"இருக்குங்க. பாதிப் பாதம் இருக்கு. குதிகால் முழுசா இருக்கு."

சொன்னபோது அவள் உதடு நடுங்கியது. நான் ஏழுமலை பக்கம் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"நீ சத்தியம் பண்ணின, லில்லி."

"நிஜமாத்தாங்க சொல்றேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." கண்ணால் போர்வையைக் காட்டினேன். "இருந்தா தொடு. தொட்டுக் காட்டு."

அவள் அசையவில்லை.

"பாத்தியா. இல்லாததால தொட மாட்டேங்கற."

"சிஸ்டரைக் கூப்பிடறேங்க. அவங்க தொட்டுக் காட்டுவாங்க."

"வேணாம். சிஸ்டரை நான் நம்பல. நீ தொடு."

"நான் வேணாங்க." அவள் இரண்டு கைகளையும் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். "நான் தொட்டது போதும். இந்தக் கை பட்டுத்தான் எல்லாம் வந்துது. மறுபடி எதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுங்க."

நான் அழுதுகொண்டிருந்தேன், கண்ணீர் காதுக்குள் போனது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கால்மாட்டுக்குப் போனாள். அதைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. போர்வையின் நுனியைத் தூக்கினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. நான் காத்திருந்தேன். ஒரு ரயில் போய் முடிந்தது.

"தொட்டுட்டியா?" என்று கேட்டேன். தொட்டுவிட்டாள், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தேன்.

"இன்னும் இல்லைங்க."

பிறகு வந்தது. வலி இல்லை அது. வலிக்குக் கீழே, வேறொரு இடத்தில், கட்டுக்கு வெளியே இருந்த குதிகாலின் அடியில், வெதுவெதுப்பாக, ஒரு உள்ளங்கை. அவள் விரலில் இருந்த மோதிரம் அழுத்துவதுகூடத் தெரிந்தது. இதை எந்த நரம்பும் பொய்யாகச் சொல்ல முடியாது. அவள் கை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, குதிகால் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"சுடுது" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவள் நெருப்பைத் தொட்டவள்போலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஸ்டூல் சாய்ந்து விழுந்தது. ஏழுமலை திரும்பிப் பார்த்தான்.

"எடுக்காத, லில்லி" என்றேன். "இன்னும் கொஞ்சம் வை."

அவள் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தன் கன்னத்தில் ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் என் காலில் வைத்தாள்.